தோன்றா எழுவாய்

நடந்துகொண்டே பதில் சொல்கிற டாக்டர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இந்தக் கோபம் யுத்த காலத்தில், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், என் வீட்டுக்காரரின் கட்டில் பக்கத்தில் நின்றபோது பிடித்தது. இன்னும் விடவில்லை.

அவருடைய சிறுநீர்ப்பையில் கட்டி வளர்ந்திருந்தது. புற்று என்றார்கள். அடிவயிற்றைத் திறந்து கட்டியை வெட்டி எடுத்து, அது ஒட்டியிருந்த இடத்தைச் சுட்டுவிட்டார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்புகிற நாள் அது. அறுவை செய்த டாக்டர் பின்னால் நாலைந்து பேர் ஓடிவர வார்டுக்குள் நுழைந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், கெட்டிக்காரர், ஆனால் நிற்கத் தெரியாதவர். நான் ஒரு கேள்வியை உருப்போட்டு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரரும் ஒன்றை உருப்போட்டு வைத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"இது திரும்ப வருமா டாக்டர்?" என்றேன் நான்.

"டூட்டிக்குத் திரும்ப வரலாமுங்களா சார்?" என்றார் அவர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர்.

டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரலாம், திரும்ப வரலாம். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும். நடுவுல சிவப்பா போச்சுன்னா உடனே வரணும்," என்றார். அடுத்த கட்டிலுக்குப் போயே விட்டார்.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரே வாக்கியத்தைத்தான் இரண்டு பேரும் கேட்டோம்.

எங்கள் ஊர் மிஷன் பெண்கள் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். 'சாப்பிட்டாயா?' என்று கரும்பலகையில் எழுதி, இதில் எழுவாய் எங்கே என்று கேட்பேன். பிள்ளைகள் கூரை அதிர, "தோன்றா எழுவாய், டீச்சர்!" என்பார்கள். 'நீ' என்ற சொல் வெளியே தெரியவில்லை, ஆனால் உள்ளே இருக்கிறது, வினையே காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்குவேன். எத்தனையோ வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்தவள், 'வரலாம்' என்ற ஒரு சொல்லிடம் வந்து மாட்டிக்கொண்டேன். வரலாம் என்பதில் அந்தப் பிடி கிடையாது. நானும் வரலாம், நீயும் வரலாம், அவரும் வரலாம், அதுவும் வரலாம்.

திண்டிவனம் வரை ரயிலில் இதே சண்டை.

"உங்களை வரலாம்னு சொல்லல. நோய் வரலாம்னு சொன்னாரு."

"நான் இன்னா கேட்டேன்? டூட்டிக்கு வரலாமான்னு கேட்டேன். வரலாம்னாரு. வேற இன்னா வேணும் உனக்கு?"

"அவரு என்ன உங்க பஸ் முதலாளியா? ஆஸ்பத்திரியில இருக்கிறவரு 'போகலாம்'னுதானே சொல்லணும்? எப்படி வரலாம்னு சொல்லுவாரு?"

"நான் வரலாமான்னு கேட்டேன், அவரும் வரலாம்னாரு. அந்த மனுசனுக்கும் இலக்கணம் எடுக்கப் போறியா, டீச்சரம்மா?"

கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அவர் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். ரயிலில் கூப்பிட்டது இரண்டிலும் சேராது.

இந்த நோயை நாங்கள் முதலிலேயே தவறவிட்டவர்கள். அதனால்தான் எனக்கு அத்தனை பரபரப்பு. முதன்முதலில் அவருக்குச் சிவப்பாகப் போனபோது யாரும் பயப்படவில்லை. சூடு என்றார்கள். எங்கள் பக்கத்தில் கண் எரிந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு, மனுஷன் சிடுசிடுத்தாலும் சூடுதான். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்கு அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றிச் சுற்றி, வருகிற வாயுவில்தான் என்ஜின் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்குள் டிரைவர் பாதி வெந்திருப்பார். அப்படிப்பட்டவருக்குச் சூடு பிடிக்காமல் யாருக்குப் பிடிக்கும்? வலியும் இல்லை. வலி இல்லாததால் எல்லோருக்கும் தைரியம்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, கணவரை இழந்து எங்களோடு இருந்தார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். "தம்பிக்கு சூடு ஏறிப்போச்சு, தொப்புள்ல வெளக்கெண்ணெ வெய்யி. சோம்புத் தண்ணி குடு," என்றார். கொடுத்தோம். சிவப்பு நின்றது. பிறகு வந்தது. இளநீர் கொடுத்தோம், நின்றது. தானாக நின்று தானாக வருவதுதான் அந்த நோயின் வழக்கம் என்று எங்களுக்கு என்ன தெரியும்? நின்ற ஒவ்வொரு தடவையும் வைத்தியம் பலித்தது என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினோம். கடைசியில் ரத்தம் கட்டிகட்டியாக வந்து நீர் அடைத்துக்கொண்டு, அவர் தரையில் உருண்டபோதுதான் பட்டணத்துக்கு ஓடினோம்.

ஆகவே இந்தத் தடவை விடக்கூடாது என்று தீர்மானித்தேன். உள்ளே வெள்ளையாக இருக்கிற எனாமல் கிண்ணம் ஒன்று வாங்கினேன். காலையில் எழுந்ததும் அதில்தான் போக வேண்டும். கொல்லையில் கிணற்றடியில் வெயில் விழுகிற இடத்தில் வைக்க வேண்டும். நான் பார்த்த பிறகுதான் கொட்டலாம். வழிநெடுக ஊர்க்காரர்கள் சலாம் வைக்கிற டிரைவர், கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வருவார். முகம் தொங்கிப்போயிருக்கும்.

"இன்னா டீச்சரம்மா, பரீட்சைப் பேப்பரா இது? தெனமும் திருத்தணுமா?"

"பாஸ் பண்ணினா உங்களுக்குத்தானே நல்லது."

மஞ்சளாக இருந்தால் அன்றைக்குப் பகல்வரை நிம்மதி. பகலுக்குமேல் மறுநாள் காலையைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். எதைப் பார்த்தாலும் நிறம்தான் கண்ணில் பட்டது. டீயின் நிறம், செம்மண் குட்டைத் தண்ணீர், பிள்ளைகள் நோட்டில் நான் போடுகிற சிவப்பு மை. ஒரு பெண்ணின் கணக்கு நோட்டில் மை கொட்டியதற்கு அவளை அடித்தேவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஜோசியர்களாக இருந்தார்கள். பனமலைப் பக்கம் ஒருத்தருக்கு இதே மாதிரி அறுத்தார்களாம், அறுவடைக்குள் போய்விட்டாராம். தளவானூரில் ஒருத்தருக்கும் அறுத்தார்களாம், இன்றைக்கும் ஏர் பிடிக்கிறாராம். நான் விடமாட்டேன். பனமலைக்காரருக்கு வயசு என்ன? பீடி உண்டா? கட்டி நெல்லிக்காய் அளவா, கொய்யாக்காய் அளவா? காம்பு வைத்துத் தொங்கியதா, அடியில் வேர் பிடித்திருந்ததா? சொல்லவந்தவர்கள் திணறிப்போவார்கள். பனமலைக்காரர் நம்மவரைவிடப் பெரியவர் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவேன். தளவானூர்க்காரர் பீடி தொடாதவர் என்று தெரிந்தால், பீடி பிடித்த நம்மவரை நினைத்துச் சோறு இறங்காது. முகம் தெரியாத அந்த இரண்டு பேருக்கு நடுவில் என் வீட்டுக்காரரைத் தினமும் நிறுத்தி அளந்துகொண்டிருந்தேன்.

நாத்தனாருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. "எந்தம்பி பொழச்சிக்குவான். எனக்குத் தெரியும்," என்பார்.

"எப்படித் தெரியும் அக்கா?"

"தெரியும்னா தெரியும்."

அந்த அம்மாளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் குணமாக்கு என்று வேண்டிக்கொள்வார்கள். நான் அதைக் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் இப்போதே சொல்லிவிடு, என்னால் காத்திருக்க முடியவில்லை என்று கேட்டேன். வேண்டுதலா அது, அதட்டல்.

அவர் டூட்டிக்குப் போய்விட்டார். அவருக்குத்தான் டாக்டர் உத்தரவு கொடுத்துவிட்டாரே! காலையில் கிண்ணம் பார்த்து முடித்ததும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் சொன்னதுதான் சரி. வந்துட்டேன் பாரு," என்று என்னைச் சீண்டிவிட்டுப் போவார். எங்கள் ஊர்க் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையைச் சுற்றிக்கொண்டு பஸ் திரும்பும்போது ஹாரன் அடிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கேட்கும். அந்த ஹாரனுக்காகவே ஜன்னல் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

கோட்டைப் பாறைகளில் சப்பாத்திக்கள்ளி பழுக்கிற காலம் வந்தது. ஒரு காலத்தில் ஊரையே அடைத்துக்கொண்டு கிடந்த செடி. பூச்சி விழுந்து அழிந்ததுபோக, எட்டாத பாறை இடுக்குகளில் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு நாள் காலை கிணற்றடியில் கிண்ணத்தைப் பார்த்தேன். சிவப்பு.

நான் போட்ட சத்தத்தில் நாத்தனார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். நான் கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என் எதிரில் குந்தி உட்கார்ந்து, நாக்கை நீட்டினார். நாக்கு, உதடு, பல்லிடுக்கு எல்லாம் கருஞ்சிவப்பாக இருந்தது.

"சப்பாத்திப் பழம்டி! நேத்து ஏறிப் பறிச்சித் தின்னேன். அதான் இப்பிடிப் போவுது. சின்னப் புள்ளைல நீ தின்னதில்ல?"

தின்றிருக்கிறேன். செஞ்சியில் பிறந்த யார்தான் தின்னவில்லை? மறுநாள் சிவப்பாகப் போவதைப் பார்த்து அழாத பிள்ளை கிடையாது. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலெல்லாம் பழத்தின் பூமுள், கண்ணுக்குத் தெரியாத பொடி முள். அதை எடுக்க வழியில்லை, தலைமயிரில் விரலைத் தேய்த்துத்தான் போக்க வேண்டும். அவர் தேய்த்துக்கொண்டே சிரித்தார். துண்டால் அவர் முதுகில் இரண்டு அடி போட்டேன். பிறகு நானும் சிரித்தேன். தையல் போட்ட வயிற்றோடு பாறை ஏறினதற்கு இன்னொரு அடி போட்டேன்.

நாத்தனார் சும்மா இருப்பாரா? தானும் நாலு பழத்தைத் தின்றுவிட்டு மறுநாள், "எனக்கும் அப்பிடியேதான் போச்சு. பயப்படாதே," என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அந்தப் பழக்காலம் முழுக்க எனக்குக் கிண்ணத்தைப் பற்றிய பயம் விட்டுப்போனது. சிவப்பாக இருந்தால் "பழமா?" என்பேன். "பழந்தான்," என்பார். மடித்த கைக்குட்டையில் எனக்கும் இரண்டு கொண்டுவருவார். உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுப்பார். நான் படுத்தால் விடியும்வரை எழாமல் தூங்கினேன். பனமலையையும் தளவானூரையும் மறந்தேன். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டெல்லாம் பாடினேன்.

மழை பிடித்தது. பழம் அழுகி உதிர்ந்து, புதரெல்லாம் மொட்டையாக நின்றன. சிங்கவரத்திலிருந்து வருகிற பிள்ளைகள், "இனிமே அடுத்த வருசந்தான் டீச்சர்," என்று வெறும் கையைக் காட்டினார்கள். அதற்குச் சில நாள் கழித்து, தூறல் விட்ட ஒரு காலையில், கிண்ணம் சிவப்பாக இருந்தது.

"பழமா?" என்றேன்.

"பழந்தான்."

எனக்கு அப்போதுகூடச் சந்தேகம் வரவில்லை. கையைப் பிடித்தது பழக்கதோஷத்தில்தான். விரல் மொழுமொழுவென்று இருந்தது. ஒரு முள் இல்லை.

"நாக்கைக் காட்டுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நாக்கைக் காட்டுங்கன்னா!"

பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பில் அப்படித்தான் நிற்கவைத்துக் கேட்பேன். அவர்களும் அப்படித்தான் சுவரைப் பார்ப்பார்கள். அவர் கிணற்றுச் சுவரைப் பார்த்தார்.

"எப்பத்திலேர்ந்து?"

"அது இருக்கும் கொஞ்ச நாளா."

"பழம் முடிஞ்சதிலேர்ந்தா?"

"பழத்துக்கு முந்தியே," என்றார். "திண்டிவனம் ரோட்டுல வண்டியை நிறுத்திட்டுப் புளியமரத்தாண்ட போனேன். மண்ணெல்லாம் செவந்துபோச்சு. மறுநாள்தான் மலை ஏறிப் பழம் பறிச்சேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் என் எதிரில் நாக்கை நீட்டிச் சிரித்த மனிதர்! சிவப்பாகப் போனால் உடனே வா என்று டாக்டர் சொன்னதில் எந்தக் குழப்பமும் இல்லையே. கிண்ணத்தை எடுத்துச் சுவரில் அடித்தேன். எனாமல் தெறித்தது.

"ஏன் சொல்லல? ஏன் சொல்லல?"

"நீ தூங்குனியே," என்றார். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் நீ தூங்கி நான் பாக்கல. பழம் வந்தப்புறந்தான் தூங்குன. அதைக் கெடுக்கச் சொல்றியா?"

இன்றைக்கும் இந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் தூக்கத்தை யார் கேட்டார்கள்? அப்படிப்பட்ட அன்பு வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நாத்தனார் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். தெரியும்னா தெரியும் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. பட்டணம் போகத் துணிமணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

பட்டணத்தில் விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. திரும்பவும் வயிற்றைத் திறந்தார்கள். அதே வார்டு, அதே டாக்டர், அதே நடை. அவர் எங்கள் கட்டிலைத் தாண்டப்போகையில் என் வீட்டுக்காரர் படுத்தபடியே அவருடைய வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் பதறிப்போனார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க சார். போன தபா 'திரும்ப வரலாம்'னு சொல்லிட்டுப் போய்ட்டீங்க. நோய்தான் வரலாம்னு இவ சொல்றா. என்னை டூட்டிக்கு வரலாம்னு சொன்னீங்கன்னு நான் சொல்றேன். ஒரு வருசமா எங்க வூட்ல இதே சண்டை. யாரைச் சொன்னீங்க?"

டாக்டர் முதல் தடவையாக நின்றார். யோசித்தார். "நான் அப்படிச் சொன்னேனா?" என்றார்.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்த வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்து ஒரு வருஷம் வாழ்ந்தோமோ, அது சொன்னவருக்கே ஞாபகம் இல்லை.

"சொல்லியிருந்தா நோயைத்தான் சொல்லியிருப்பேன்," என்றார். "இந்த ஜாதிக் கட்டி திரும்ப வர்றது உண்டு."

"சிவப்பு கண்ட அன்னைக்கே கொண்டுவந்திருந்தா?" என்று நான் கேட்டேன்.

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"இனிமே?"

"அதையும் சொல்ல முடியாது." போகப் புறப்பட்டவர் திரும்பி, "ஆறு மாசத்துல ஒரு தரம் நீங்க வரணும். நீங்க," என்று என் வீட்டுக்காரரின் மார்பைத் தொட்டுச் சொன்னார். எழுவாயை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கேட்டுகினியா? நீதான் ஜெயிச்சே."

"எனக்கு வேணாம்," என்றேன். "நீங்களே ஜெயிங்க." இதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது, பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் பார்க்க.

வீடு திரும்பினோம். அவர் உடம்பு தேறி டூட்டிக்கும் திரும்பினார். யுத்தம் முடிந்து பெட்ரோலும் திரும்ப வந்தது. கரி அடுப்பைக் கழற்றிப் போட்ட வண்டியை அவர் ஓட்டிக்கொண்டு போனபோது சத்தமே வித்தியாசமாக இருந்தது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பட்டணம் போய்க் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தோம். சுத்தமாக இருக்கிறது என்றார்கள். எனாமல் தெறித்த கிண்ணத்தை நான் எடுத்து ஒளித்துவைத்தேன். எப்படியோ தேடி எடுத்துத் தினமும் கிணற்றடியில் அவரே கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த பழக்காலம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயெல்லாம் சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை நான் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தை என் பக்கத்தில் வெயிலில் வைத்தார். சிவப்பாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், கேட்காமலே, அவர் நாக்கை நீட்டிக் காட்டினார். வெளுப்பாக இருந்தது. இரண்டு கையையும் விரித்து விரல்களையும் காட்டினார்.

"கெளம்பலாமா, டீச்சரம்மா?" என்றார்.

அதில் எழுவாய் யார் என்று நான் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, புடவை மாற்ற உள்ளே போனேன்.